மனச்சிதைவு நோய்க்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நூறாண்டு வரலாறு

1/
போன மாசம் ஓபியில் ஒரு அம்மா. சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர். சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சார், என் பையன் மனச்சிதைவு நோய்க்கு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறான். அவன் வயித்துல இருக்கும்போது எனக்கு அஞ்சாறு நாள் கடுமையான காய்ச்சல். செல்லுல ஒரு வீடியோ பார்த்தேன். மாசமா இருக்கும்போது காய்ச்சல் வந்தா புள்ளைக்கு இந்த நோய் வரும்னு சொல்றாங்க. அப்போ இது என்னால வந்ததா சார்?"

வெளியே வரிசையில் எண்பது பேர் நிக்கிறாங்க. "அப்படியெல்லாம் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அந்தப் பதில் அவங்களுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்கும் போதவில்லை.

2/
ஏனென்றால் அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய கதையும் அதில் உண்டு, மருத்துவத்துறையே வெட்கப்பட வேண்டிய கதையும் உண்டு.

நான் மனநல மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்து அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். அந்த அம்மாவுக்கு ஓபியில் சொல்ல முடியாத பதிலை இங்கே பொறுமையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். முழுசா படிங்க.

3/
முதலில் ஒரு தெளிவு.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிட்சோஃப்ரினியா என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று ஆள் இருப்பது அல்ல. "அந்நியன்" படத்தில் பார்த்தது வேறு.

இதில் யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைக் கொல்லத் திட்டம் போடுகிறார் என்று அசைக்க முடியாத நம்பிக்கை வரும். பேச்சு கோர்வையில்லாமல் போகும். பிறகு ஒரு ஒதுக்கம்: குளிக்க மாட்டார், பேச மாட்டார், எதிலும் ஆர்வம் இருக்காது.

பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும். காலேஜ் போக வேண்டிய வயசு, வேலைக்குப் போக வேண்டிய வயசு. வாழ்நாளில் இது வருவது 100 பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகத்தான். ஆனால் வந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு.

4/
இனி கதைக்குள் போவோம். இடம் ஆஸ்திரியாவின் வியன்னா.

ஜூலியஸ் வாக்னர்-யௌரெக் என்ற மனநல மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். மனநலக் காப்பகத்தில் சில நோயாளிகளுக்கு வேறு ஏதோ காரணத்தால் கடுமையான காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் இறங்கிய பிறகு பார்த்தால் சிலருக்குப் புத்தி தெளிந்திருக்கிறது!

1887ல் இதைப் பற்றி எழுதுகிறார். காய்ச்சலையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்பது அவர் கேள்வி. அதற்கு முப்பது வருஷம் கழித்துத்தான் மலேரியாவை வைத்து அவர் துணிந்து இறங்கினார்.

5/
1917 ஜூன். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. மலேரியா காய்ச்சலோடு வந்த ஒரு போர்வீரரின் ரத்தத்தை எடுத்து, தன் நோயாளிகளுக்குச் செலுத்தினார் வாக்னர்-யௌரெக். முதலில் ஒன்பது பேர்.

அவர்களுக்கு இருந்தது "ஜெனரல் பாரசிஸ்" என்ற நோய். அந்தக் காலத்துக் காப்பகங்களில் இது மிகச் சாதாரணம். தன்னை ராஜா என்பார்கள், கோடீஸ்வரன் என்பார்கள். பிறகு நினைவு போகும், கை கால் விழும், சில வருஷங்களில் மரணம். மருந்தே கிடையாது.

மலேரியா காய்ச்சலைப் பலமுறை ஏற விட்டு, பிறகு குவினைன் கொடுத்து நிறுத்தினார். ஒன்பதில் ஆறு பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அதில் சிலருக்கு நோய் திரும்பவும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

6/
இதற்குத்தான் 1927ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு.

இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. மலேரியா கொடுத்தே இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கைவிடப்பட்ட நோயாளியின் நிலைமை மாறலாம் என்று முதன்முதலில் காட்டியது அதுதான்.

இதற்கிடையில் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பும் நடந்திருந்தது. 1913ல் ஹிதேயோ நோகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் மூர் என்பவரும் நியூயார்க்கில் ஜெனரல் பாரசிஸால் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தார்கள். உள்ளே இருந்தது சிபிலிஸ் கிருமி.

பல வருஷம் முன்பு வந்த பால்வினை நோய், மூளைக்குள் பதுங்கியிருந்து பைத்தியமாக வெளிவந்திருக்கிறது!

7/
இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க.

அதுவரை "பாவத்தின் சம்பளம்", "பேய்", "பலவீனமான மனசு", "பரம்பரைக் குறை" என்றெல்லாம் பேசப்பட்ட ஒரு மனநோய், நுண்ணோக்கியில் பார்க்கக்கூடிய ஒரு கிருமி என்று ஆகிவிட்டது. பின்னாளில் பென்சிலின் வந்ததும் அந்த நோயே காப்பகங்களிலிருந்து கிட்டத்தட்ட காணாமல் போனது.

இதைப் பார்த்த அந்தத் தலைமுறை மருத்துவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வந்தது. ஒரு பைத்தியத்துக்குப் பின்னால் கிருமி இருந்தது என்றால், மற்றதுக்கும் இருக்குமோ?

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வி தப்பான கையில் மாட்டினால் என்ன ஆகும் என்று அடுத்து பாருங்கள்.

8/
அமெரிக்காவின் நியூஜெர்சியில் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனை. 1907ல் அங்கே கண்காணிப்பாளராக வந்தவர் ஹென்றி காட்டன். நல்லா படித்தவர். ஐரோப்பா போய், மனச்சிதைவு நோயை முதலில் வகைப்படுத்திய எமில் கிரேப்லினிடமே பயிற்சி எடுத்தவர். நோயாளிகளைக் கட்டிப்போடும் பழக்கத்தைத் தன் மருத்துவமனையில் ஒழித்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது.

அவர் நம்பியது இதுதான்: எல்லா மனநோயும் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழிலிருந்து வருகிறது. சீழின் நஞ்சு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. சீழை எடு, நோய் போகும்.

9/
முதலில் பல்லைப் பிடுங்கினார். சொத்தைப் பல், நல்ல பல் எல்லாம். குணமாகவில்லையா? டான்சில். அதுக்கும் ஆகவில்லையா? பித்தப்பை, கர்ப்பப்பை, கடைசியில் பெருங்குடல்.

நோயாளியின் சம்மதம்? குடும்பத்தின் சம்மதம்? பல பேர் வேண்டாம் என்று கதறியும் அறுவை சிகிச்சை நடந்தது. பெருங்குடல் அறுவையில் இறந்தவர்கள் அவருடைய சொந்தக் கணக்கிலேயே சுமார் 30 சதவீதம். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது, நினைவில் வையுங்கள்.

85 சதவீதம் பேர் குணமாகிறார்கள் என்று மேடைகளில் பேசினார். பத்திரிகைகள் கொண்டாடின. பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிரென்டனுக்குப் போனார்கள். தன் சொந்த மகன்களின் பற்களையும் பிடுங்க வைத்தார் என்றால் அவருடைய நம்பிக்கை எவ்வளவு என்று பார்த்துக்கோங்க.

10/
1920களின் நடுவில் ஃபில்லிஸ் கிரீனேக்கர் என்ற இளம் பெண் மருத்துவரை விசாரணைக்கு அனுப்பினார்கள். அவர் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் எடுத்து, வீடு வரை போய் நோயாளிகளைப் பார்த்துக் கணக்கெடுத்தார். காட்டன் சொன்ன 85 சதவீதம் நிற்கவில்லை. நிறைய பேர் இறந்திருந்தார்கள். நிறைய பேர் அப்படியே இருந்தார்கள்.

அந்த அறிக்கை என்ன ஆனது?

வெளியிடப்படவே இல்லை. அவரை அனுப்பிய அடால்ஃப் மேயர் அமெரிக்க மனநல மருத்துவத்தின் மிகப்பெரிய புள்ளி. காட்டனின் ஆசான். அறிக்கை அவர் மேஜையோடு அமுங்கிப் போனது. பல் பிடுங்குவது அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டால் விலை கொடுப்பது யார் என்பதற்கு, இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

11/
அதே காலத்தில் அமைதியாக ஒரு நல்ல வேலையும் நடந்தது.

1918ல் உலகத்தையே புரட்டிப்போட்ட ஃப்ளூ கொள்ளைநோய். பாஸ்டனில் கார்ல் மெனிங்கர் என்ற இளம் மருத்துவர், ஃப்ளூ வந்து போன பிறகு மனநிலை பிறழ்ந்து சேர்க்கப்படுபவர்களைக் கணக்கெடுத்தார். கிட்டத்தட்ட நூறு பேர். அவர்களில் கணிசமானவர்களின் நிலை அச்சு அசல் மனச்சிதைவு போலவே இருந்தது.

சில வருஷம் கழித்து அவர்களை மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார். 1926ல் எழுதினார்: அவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மனச்சிதைவு என்றால் மீளவே மாட்டார்கள் என்பதுதான் பாடம். அது எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை அவர் பார்த்தார்.

ஒரே மாதிரி தெரியும் நோய்க்குள் வேறு வேறு நோய்கள் இருக்கலாம் என்ற எண்ணத்தின் விதை இது. கடைசியில் இதுக்குத் திரும்ப வருவோம்.

12/
ஆனால் அந்த விதை முளைக்கவில்லை. டிரென்டன் மாதிரி கூத்துகளால் "கிருமி, எதிர்ப்பு சக்தி" என்ற பேச்சுக்கே கெட்ட பெயர் வந்தது. காற்று மனோதத்துவம் பக்கம் திரும்பியது.

அப்போது நடந்ததைத்தான் அந்த ஓபி அம்மாவுக்காக நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1948ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று அதற்குப் பொருள். அன்பு காட்டாத, அடக்கி ஆளும் அம்மாவால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வருகிறது என்று ஒரு தலைமுறை முழுக்க மருத்துவர்கள் நம்பினார்கள். பிள்ளை நோயில் கிடக்கிறான். அம்மாவைக் கூப்பிட்டு "காரணம் நீங்கதான்" என்கிறார்கள்.

அதற்கு ஆதாரம்? ஒன்றும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தூக்கி எறிந்தன. ஆனால் அதற்குள் எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியோடு செத்துப் போனார்களோ!

13/
1952ல் பாரிஸில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரல்கள் அடங்கின. பல வருஷம் காப்பகத்தில் இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்துகள் தடுக்கின்றன என்று பிறகு தெரிந்தது.

இன்றுவரை நாம் கொடுக்கிற மாத்திரைகளில் பெரும்பாலானவை இதே வழியில் வந்தவை. பல லட்சம் பேருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தவை. "டோபமின் ஏன் கெட்டுப்போனது?" என்ற கேள்விக்கு மட்டும் அவற்றிடம் பதில் இல்லை.

14/
எதிர்ப்பு சக்தி பற்றிய பேச்சு திரும்ப வந்தது 1988ல்.

1957ல் உலகெங்கும் ஒரு ஃப்ளூ பரவியது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் அந்தச் சமயம் அம்மா வயிற்றில் இருந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று சர்னாஃப் மெட்னிக் குழுவினர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். நடு மூன்று மாதங்களில் அந்த ஃப்ளூ பரவலைச் சந்தித்த பிள்ளைகளில் மனச்சிதைவு அதிகமாக இருந்தது.

ஆனால் ஒரு ஓட்டை. ஊரில் ஃப்ளூ இருந்தது சரி. அந்தந்த அம்மாவுக்கு ஃப்ளூ வந்ததா? தெரியாது.

15/
அந்த ஓட்டையை அடைக்க முயன்றவர் ஆலன் பிரவுன். கலிபோர்னியாவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தை உறைய வைத்துப் பாதுகாத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்து, ஃப்ளூவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார். 2004ல் முடிவு வந்தது: கர்ப்பத்தின் முதல் பாதியில் ஃப்ளூ வந்திருந்தால் பிள்ளைக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு.

அந்த அம்மா பார்த்த வீடியோவின் ஊற்று இதுபோன்ற ஆய்வுகள்தான்.

வீடியோ சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அந்த ஆய்வில் நோய் வந்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. பிறகு வேறு இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தவில்லை. ஃப்ளூ விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து கிடையாது.

16/
சரி, ஃப்ளூ கிருமி பொதுவாக நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லையே. அப்புறம் எப்படி?

இங்கேதான் எதிர்ப்பு சக்தி உள்ளே வருகிறது. கிருமி வந்ததும் நம் உடம்பின் காவலர்கள் ஒருவரை ஒருவர் உஷார்படுத்த சைட்டோகைன் என்ற ரசாயனங்களை விடுவார்கள். நமக்குக் காய்ச்சல், உடம்பு வலி வருவதே அதனால்தான்.

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பால் பேட்டர்சன் குழு கர்ப்பமான எலிகளுக்குக் கிருமியே இல்லாமல், கிருமி வந்துவிட்டது என்று உடம்பை ஏமாற்றும் ஒரு பொருளைச் செலுத்தியது. குட்டிகள் வளர்ந்த பிறகு அவற்றின் நடத்தையில் மாற்றங்கள். இன்டர்லூக்கின்-6 என்ற ஒரே ஒரு சைட்டோகைனைத் தடுத்தபோது அந்த மாற்றங்கள் பெரும்பாலும் வரவில்லை.

அதாவது சந்தேகம் திருடன் மேல் மட்டும் இல்லை. திருடனை விரட்ட வந்த காவலரின் லத்தியும் பட்டிருக்கலாம். ஆனால் எலி எலிதான். எலிக்குக் காதில் குரல் கேட்கிறதா என்று யாரும் கேட்க முடியாது.

17/
அடுத்து டென்மார்க். அங்கே ஒவ்வொரு குடிமகனின் மருத்துவமனைப் பதிவும் ஒரே எண்ணில் கோர்க்கப்பட்டிருக்கும். 2011ல் மைக்கேல் பென்ரோஸ் குழு மனச்சிதைவு வகை நோய்கள் உள்ள 39,076 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது.

ஆட்டோஇம்யூன் நோய், அதாவது எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய் வந்தவர்களுக்கு மனச்சிதைவு வாய்ப்பு 29 சதவீதம் அதிகம். கடுமையான தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 60 சதவீதம் அதிகம். இரண்டும் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் சற்று மேல்.

வேடிக்கை என்னவென்றால், முடக்குவாதம் என்கிற ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் மட்டும் தலைகீழ். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அது குறைவாகவே வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 1930களிலேயே கவனிக்கப்பட்ட விஷயம். முழு விளக்கம் இன்னும் வரவில்லை.

18/
இப்போது கதையின் மிகப்பெரிய திருப்பம்.

அமெரிக்காவில் ஜோசப் டால்மோ என்ற நரம்பியல் மருத்துவர். சில இளம்பெண்கள். நல்லா இருந்தவர்கள் திடீரென்று சந்தேகம், பயம், குரல் என்று மாறுகிறார்கள். பிறகு வலிப்பு. வாயும் கையும் தானாக அசைகின்றன. நினைவு தப்புகிறது. பார்த்தால் பலருக்குக் கருப்பையின் பக்கத்தில் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி.

2007ல் அவர் விடையைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசு இருக்கிறது. அதை எதிரி என்று நினைத்து எதிர்ப்பு சக்தி ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதே ஆன்டிபாடி மூளைக்குப் போய், அங்கே இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. கட்டி இல்லாமலும் இந்த நோய் வரலாம், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரலாம் என்று பிறகு தெரிந்தது.

அறுவை அரங்கில் நாங்கள் கொடுக்கும் கீட்டமின் மருந்து இதே ஏற்பியைத்தான் தடுக்கும். கீட்டமின் கொடுத்த சிலர் மயக்கம் தெளியும்போது இல்லாததைப் பார்ப்பதும் உளறுவதும் எங்களுக்குப் பழக்கமான காட்சி. கணக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்க!

19/
2009ல் நியூயார்க்கில் சுசன்னா கஹாலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இதே நோய். மனநோய் என்றார்கள், குடிப்பழக்கம் என்றார்கள். சூஹெல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வரைந்த கடிகாரத்தில் 1 முதல் 12 வரை எல்லா எண்களும் வலது பக்கமே நெருங்கிக் கிடந்தன. மூளையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது என்று அந்தத் தாள் சொன்னது.

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்தத்தில் பிளாஸ்மா மாற்றம். அவர் திரும்ப வேலைக்குப் போனார். 2012ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

எந்த ஸ்கேனும் சொல்லாததை ஒரு பேனாவும் தாளும் சொன்னது. ஓபியில் உட்காரும் எனக்கு இந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வரும்.

20/
இன்னொரு பக்கம் மரபணு ஆராய்ச்சி. 2014ல் சுமார் 37,000 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்கள் கிடைத்தன. அதில் மிக வலுவான இடம் ஆறாவது குரோமோசோமில் எதிர்ப்பு சக்திக்கான மரபணுக்கள் குவிந்திருக்கும் பகுதி.

2016ல் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் அந்தப் பகுதிக்குள் குறிப்பாக ஒரு மரபணுவைச் சுட்டினார்கள்: சி4. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு "இதைத் தின்னு" என்று காவல் செல்களுக்குக் காட்டிக் கொடுக்கும் புரத வரிசையில் ஒன்று அது.

அதுக்கு மூளையில் என்ன வேலை?

21/
நெருக்கமாக முளைத்த பயிரை விவசாயி கலைத்து விடுவார் இல்லையா? அதுபோல வளரும் மூளை தேவைக்கு அதிகமாக நரம்பு இணைப்புகளைப் போட்டுவிட்டு, பிறகு வேண்டாததைக் கலைக்கும். பதின்வயதில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். எந்த இணைப்பைக் கலைப்பது என்று அடையாளம் போடுவது இந்தப் புரத வரிசை. தின்று தீர்ப்பது மைக்ரோக்ளியா என்ற மூளையின் காவல் செல்கள்.

சி4 அதிகமாகச் சுரக்கும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்குக் கலைப்பு அளவுக்கு மீறிப் போகிறதோ என்பதுதான் கருத்து. இந்த நோய் ஏன் சரியாகப் பதின்வயது முடியும்போது வருகிறது என்பதற்கு ஓரளவு பொருந்தும் விளக்கம். அதிகக் கலைப்புதான் காரணம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982லேயே ஊகித்திருந்தார்.

ஆனால் இந்த மரபணு அமைப்பால் கூடும் வாய்ப்பு 30 சதவீதத்துக்குள்தான். சி4 டெஸ்ட் எடுத்து யாருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது.

22/
ஆச்சரியமான இரண்டு தனி நிகழ்வுகள்.

ஜப்பானில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு உள்ள ஒரு இளைஞருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். புற்றுநோயோடு மனச்சிதைவின் அறிகுறிகளும் அடங்கின. 2017ல் வெளியானது.

நெதர்லாந்தில் நேர் எதிர். மனச்சிதைவு உள்ள சகோதரரின் மஜ்ஜையைப் பெற்ற ஒருவருக்குப் பிறகு மனச்சிதைவு போன்ற நோய் வந்தது.

மஜ்ஜைதான் எதிர்ப்பு சக்தியின் பிறப்பிடம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு நோயாளி. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள் மட்டும் எழும்.

23/
"அப்போ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து கொடுத்தா சரியாயிடுமா டாக்டர்?"

கொடுத்துப் பார்த்தார்கள். 2002ல் ஜெர்மனியில் செலிகாக்சிப் என்ற வலி மாத்திரையை வழக்கமான மருந்தோடு சேர்த்தபோது கூடுதல் பலன் தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மைக்ரோக்ளியாவை அடக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 207 பேரிடம் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்து 2018ல் முடிவு வெளியிட்டார்கள். பலன் இல்லை.

இன்டர்லூக்கின்-6ன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசியும் ஒரு சிறிய ஆய்வில் கைகொடுக்கவில்லை.

24/
ஏன்? பலருடைய கணிப்பு, நூறு வருஷம் முன்பு மெனிங்கர் கண்ட விஷயம்தான்.

"காய்ச்சல்" என்பது ஒரு நோய் இல்லை. டைபாய்டு, டெங்கு, மலேரியா எல்லாவற்றிலும் வரும் ஒரு வெளிப்பாடு. மனச்சிதைவும் அப்படி இருக்கலாம். பல வழிகள் வந்து சேரும் ஒரே ஊர். அதில் ஒரு சிலர் மட்டும் எதிர்ப்பு சக்தி என்ற பாதையில் வந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சிலரின் பலன் கரைந்துவிடும்.

அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது. அமெரிக்காவில் சுமார் இருபது வருஷம் மனநல மருத்துவமனையில் பேச்சு மூச்சில்லாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு, உண்மையில் லூப்பஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோய் மூளையைத் தாக்கியிருந்தது தெரியவந்தது. அதற்கான சிகிச்சைக்குப் பின் அவர் தன் குடும்பத்தை அடையாளம் கண்டு பேசினார். 2023ல் பத்திரிகைகளில் வந்தது. அந்த இருபது வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

25/
நீங்கள் கவனிக்க வேண்டியது:

மனநிலை மாற்றம் சில நாட்களில், சில வாரங்களில் திடீரென்று வந்தால். கூடவே காய்ச்சல், வலிப்பு, கடும் தலைவலி, தானாக அசையும் வாய் அல்லது கை, ஆள் தெரியாத குழப்பம், சிலை போல உறைந்து போவது இவற்றில் ஏதாவது இருந்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்க. முதுகுத்தண்டு நீர், இஇஜி, எம்ஆர்ஐ பரிசோதனைகள் தேவைப்படலாம். மந்திரிக்கப் போகும் நாட்கள் மூளைக்கு மிக விலையுயர்ந்த நாட்கள்.

மற்றபடி பெரும்பாலான மனச்சிதைவு நோயாளிகளுக்கு இன்று பலன் தருவது மனநல மருத்துவர் எழுதும் வழக்கமான மாத்திரைதான். இந்தப் பதிவைப் படித்துவிட்டு "எங்க பையனுக்கும் எதிர்ப்பு சக்தி பிரச்சனைதான் போல" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீங்க. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சூரணம், பொடி என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்க. இங்கே பிரச்சனையே சிலருக்கு அது கூடிப்போனதாகத்தான் இருக்கலாம்.

26/
இப்போது அந்த அம்மாவுக்கான பதில்.

அம்மா, நீங்க பார்த்த வீடியோ சொன்ன ஆய்வு உண்மையிலேயே நடந்தது. அதில் சொன்ன மூன்று மடங்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இதுதான்: கர்ப்பத்தில் ஃப்ளூ வந்த 100 அம்மாக்களில் 97 பேரின் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. அதே சமயம், இந்த நோய் வந்த பிள்ளைகளில் பலருடைய அம்மாவுக்குக் காய்ச்சலே வந்திருக்காது.

ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு அத்தனையும் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால்கூட, மற்றவருக்கு வருவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான். மரபணு, கர்ப்பகாலம், பிரசவம், தொற்று, கஞ்சா, வாழ்க்கை நெருக்கடி, இன்னும் பெயர் தெரியாத பலது சேர்ந்து வருவது இது. ஒரு காய்ச்சலைத் தனியாகப் பிரித்தெடுத்து "இதனால்தான்" என்று உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

காய்ச்சலை நீங்க கூப்பிட்டு வரவழைக்கவில்லை. அம்மாக்கள் மேல் பழி போட்ட ஒரு காலம் மருத்துவத்தில் இருந்தது. அது தப்பு என்று நாங்களே ஒப்புக்கொண்டாயிற்று. அதே பழியைப் புது ஆராய்ச்சியின் பெயரில் நீங்களே உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

27/
2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் கருகிச் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு என்னென்ன நோய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சங்கிலி போட்டவர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மனநோயும் உடம்பில் வரும் நோய்தான் என்பதை இந்த நூறு வருஷக் கதை திரும்பத் திரும்பச் சொல்கிறது. உடம்பில் வரும் நோய்க்கு யாரும் சங்கிலி போடுவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

28/
அந்த அம்மா அடுத்த மாசம் சர்க்கரை மாத்திரைக்கு வருவாங்க. இந்த முறை வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஐந்து நிமிஷம் அவங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு அம்மா இருப்பாங்க. அவங்க கேட்கும்போது சொல்லுங்க.